பி.வி.சி. பைப்பு: வெயில், தீ, சொல்யூஷன் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசமுத்திரத்து வயலானாலும் திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காடானாலும், இன்றைக்குத் தண்ணீர் பெரும்பாலும் பி.வி.சி.க்குள் புகுந்துதான் மண்ணுக்கு வருகிறது. கிணற்று லைன், வீட்டு வயரிங், அங்கணக் குழாய், முச்சந்தியில் தொங்கும் ஃப்ளெக்ஸ் எல்லாமே அதே சரக்குதான். நெல்லைச் சீமையில் பம்புசெட் வைத்திருப்பவர்களும் பிளம்பர்களும் வீடு கட்டுகிறவர்களும் வழக்கமாகக் கேட்கிறவற்றுக்கு இங்கே பதில்.

பி.வி.சி.யை உப்பிலிருந்து செய்கிறார்கள் என்கிறார்களே, உண்மையா?

பாதிக்கு மேல் உண்மை. பாலிவினைல் குளோரைடு என்ற இந்தப் பொருளின் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தித்தான் குளோரினைப் பிரிக்கிறார்கள். உப்பளங்களுக்குப் பேர்போன தூத்துக்குடி மாவட்டத்தில், சாகுபுரத்தில், பி.வி.சி. தூள் தயாரிக்கும் ஆலை இருப்பது தற்செயல் அல்ல. மீதி 43 சதவீதம் கார்பனும் ஹைட்ரஜனும். அது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது.

இந்தக் குளோரினை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பல பதில்கள் தானாகவே புரியும். பி.வி.சி. எளிதில் பற்றாததும், பற்றவைத்த நெருப்பை எடுத்தால் பெரும்பாலும் அணைந்துவிடுவதும் குளோரினால்தான். அதைத் தீயில் போட்டால் தொண்டையை அறுக்கும் அமிலப் புகை வருவதும் அதே குளோரினால்தான்.

வெறும் பி.வி.சி. தூளை உருக்கிப் பைப்பாக இழுக்க முடியாது. உருகும் சூட்டுக்குப் பக்கத்திலேயே அது சிதையவும் ஆரம்பித்துவிடும். அதனால் சிதைவைத் தடுக்கும் ஸ்டெபிலைசர், வழுக்குப் பொருள், கொஞ்சம் சுண்ணாம்புத் தூள், வெயிலைத் தாங்க டைட்டானியம் டை ஆக்சைடு எல்லாம் சேர்ப்பார்கள். ஓஸ், ரெக்சின், வயர் உறை போல வளைகிற சரக்கு வேண்டுமானால் இவற்றோடு எண்ணெய் மாதிரியான பிளாஸ்டிசைசரும் சேரும். விறைப்பான பைப்பில் அது இருக்காது.

கறுப்பு ஓஸ், வெள்ளை பைப்பு, மாடித் தொட்டி எல்லாம் ஒரே பிளாஸ்டிக்கா?

இல்லை. மாடித் தொட்டியும் கறுப்பு ஓஸும் பாலிஎத்திலீன். ஒரு துண்டை வெட்டித் தண்ணீர் வாளியில் போட்டுப் பாருங்கள். பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும், பி.வி.சி. மூழ்கும். இதைத் தெரிந்துகொள்வது வீண்போகாது: பைப்பை ஒட்டத் தடவும் பி.வி.சி. சொல்யூஷன் பாலிஎத்திலீனில் ஒட்டவே ஒட்டாது. கறுப்பு ஓஸில் சொல்யூஷன் தடவி, துணி சுற்றி, கம்பி கட்டிப் பார்த்தவர்கள் நிறைய. அதற்கு நெருக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் ஃபிட்டிங் போட வேண்டும், அல்லது சூடு வைத்து இணைக்க வேண்டும்.

4 கேஜி, 6 கேஜி என்கிறார்களே, எதை வாங்குவது?

அந்த எண் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ அழுத்தத்தைப் பைப்பு தொடர்ந்து தாங்கும் என்பது. குடிநீர்ப் பைப்புக்கான ஐ.எஸ். 4985 தரத்தில் ஆறு கிளாஸ் உண்டு: 2.5, 4, 6, 8, 10, 12.5. கணக்கு எளிது. தண்ணீரை 10 மீட்டர் உயரம் ஏற்றினால் 1 கிலோ. மேட்டுத் தோட்டத்துக்கு 25 மீட்டர் ஏற்றுகிறீர்கள் என்றால் இரண்டரை கிலோ. அதோடு நீளத்தில் ஏற்படும் உராய்வு, வால்வை மூடும்போது விழும் அடி இரண்டையும் கூட்டினால் 4 கேஜி போதாது, 6 கேஜிதான் சரி.

பலர் கவனிக்காதது சூடு. அந்த எண் 27 டிகிரி சூட்டுக்குத்தான். சூடு ஏற ஏறத் தாங்குதிறன் இறங்கும். 45 டிகிரிக்கு மேல் இந்தப் பைப்பு அழுத்த வேலைக்கே ஆகாது. சித்திரை வெயிலில் வரப்பின்மேல் கிடக்கும் பைப்பைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாது. மோட்டார் ஓடும்போது கிணற்றுத் தண்ணீர் அதைக் குளிர்விக்கும். உள்ளே தண்ணீர் நின்றுகொண்டிருக்கும்போது குளிர்விக்க ஆள் இல்லை. தரைக்கு மேலே போகும் லைனுக்கு ஒரு கிளாஸ் கூட்டியே வாங்குங்கள்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறது, விலை மட்டும் குறைவு. சரக்கு எப்படி என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். கலப்படம் பெரும்பாலும் சுண்ணாம்புத் தூள்தான். அது கூடினால் பைப்பு கனக்கும், கூடவே நொறுங்கும். கனமாக இருந்தால் நல்ல பைப்பு என்று நினைப்பதில்தான் ஏமாறுகிறோம்.

சமையல் தராசில் சரியாக 100 கிராம் வருமாறு பைப்பைச் சிறு துண்டுகளாக வெட்டுங்கள். அளவுக் குவளையில் 300 மில்லி தண்ணீர் ஊற்றி, துண்டுகளைப் போட்டு, குமிழி ஒட்டாமல் குச்சியால் கலக்குங்கள். தரப்படி அடர்த்தி 1.40-க்கும் 1.46-க்கும் இடையில் இருக்க வேண்டும். அப்படியானால் தண்ணீர் 68 முதல் 71 மில்லிவரை உயரும். 60 மில்லி மட்டுமே உயர்ந்தால் அடர்த்தி 1.67. அதில் இருப்பது பைப்பு விலைக்கு விற்ற சுண்ணாம்பு.

இன்னொரு சோதனை: ஒரு சாண் துண்டை வைஸில் வைத்து மெதுவாக இறுக்கித் தட்டையாக்குங்கள். நல்ல பைப்பு மடங்கும், மடிந்த இடம் வெளுக்கும், ஆனால் வெடிக்காது. படபடவென்று சில்லாக உடைந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். பைப்பின் மேல் தயாரிப்பாளர் பெயர், தர எண், வெளிவிட்டம், கிளாஸ், பேட்ச் எண் வரிசையாக அச்சாகியிருக்க வேண்டும். விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தால் அழிகிற அச்சு நல்ல அறிகுறி அல்ல.

வெயிலில் கிடந்த பைப்பு வெளுத்து, தட்டினால் உடைகிறது. ஏன்?

சூரியனின் புற ஊதாக் கதிர் மேற்பரப்பைச் சிதைக்கிறது. முதலில் மங்கும், பிறகு பழுப்போ வெள்ளை மாவோ படியும். அழுத்தம் தாங்குவதில் பெரிய குறை தெரியாது, அடி தாங்குவதில்தான் போய்விடும். மண்வெட்டி முனை லேசாகப் பட்டாலும் நீளமாகக் கீறிக்கொண்டு ஓடும்.

வாங்கி வைப்பதானால் நிழலில், மட்டமான தரையில், ஒரு மீட்டருக்கு ஒரு கட்டை கொடுத்து அடுக்குங்கள். உயரம் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள். உள்ளே சூடு தேங்கி, அடி வரிசைப் பைப்பு முட்டை வடிவமாகிவிடும், பிறகு இரண்டு பைப்பை இணைக்கும் கப்ளிங்கில் நுழையாது. தென்னை ஓலைக் கொட்டகை போதும். ஏற்கெனவே தரைக்கு மேல் பதித்த லைனுக்குத் தண்ணீர் கலந்து அடிக்கும் வெள்ளைப் பெயின்ட் இரண்டு பூச்சு அடியுங்கள். தின்னர் கலந்த பெயின்ட் பைப்பையே இளக்கிக் கெடுக்கக்கூடும்.

வெயிலுக்குப் பைப்பு நீளவும் செய்யும். ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 0.07 மி.மீ. கேட்கச் சொற்பம்தான். 100 மீட்டர் லைன் 30 டிகிரி சூடேறினால் 21 சென்டிமீட்டர் நீளும். அதனால்தான் விடியற்காலையில் நேராக இருந்த லைன் உச்சிவேளையில் பாம்பாக நெளிகிறது. இரண்டு முனையையும் கான்கிரீட்டில் இறுக்கிவிட்டால் நெளிய வழியில்லாமல் எல்போ கழன்றுகொள்ளும்.

பைப்பின் வாயை ஓலைத் தீயில் வாட்டி, இன்னொரு பைப்பு நுழைய சாக்கெட்டாக விரிக்கலாமா? எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்?

செய்கிறார்கள். லைன் கசிகிற இடங்களைத் தோண்டிப் பார்த்தால் அந்த வாட்டிய வாய்களும் அடிக்கடி கிடைக்கின்றன.

காய்ந்த ஓலையின் தீ எத்தனை டிகிரி என்று யாருக்கும் கட்டுப்படாது. பி.வி.சி. 80 டிகிரி வாக்கில் இளக ஆரம்பிக்கும். விரிக்கவோ வளைக்கவோ ஏற்றது 120 முதல் 140 வரை. 200-ஐ நெருங்கும்போது சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விட ஆரம்பிக்கும். ஓலைச் சுடர் இந்த எல்லைகளையெல்லாம் நொடியில் தாண்டும். பைப்பின் ஒரு பக்கம் பழுப்பாகும், மறுபக்கம் விறைப்பாகவே நிற்கும். அதில் இன்னொரு பைப்பைத் திணித்தால் இளகிய பக்கம் மட்டும் இழுபட்டுத் தாள்போல மெலியும். பிறகு அழுத்தம் வரும்போது வெடிப்பது அந்தப் பக்கம்தான். குனிந்து பைப்பைச் சுற்றிக்கொண்டே இருப்பவரின் முகத்துக்கு நேராகத்தான் வாயுவும் வரும். கண் எரிகிறது, இருமல் வருகிறது என்றால் ஓலைப் புகையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

முதல் யோசனை, வாட்டவே வேண்டாம். 63 மி.மீ. கப்ளிங் ஒன்றின் விலை, தோண்டி மறுபடி ஒட்டும் ஒரு நாள் கூலியில் சிறு பங்குதான். தவிர்க்க முடியாமல் பைப்பை வளைத்துப் பெண்டு போட வேண்டியிருந்தால்:

சன்னமான காய்ந்த மணலை இரும்புச் சட்டியில் வறுத்து, பைப்புக்குள் நிரப்பி, இரண்டு வாயையும் துணியால் அடையுங்கள். மணல் உள்ளிருந்து சமமாகச் சூடு கொடுக்கும். வளைக்கும்போது வயிறு ஒட்டாமலும் காக்கும். மணலின் சூட்டை வெப்பமானியால் பார்த்து 140-க்குள் வைத்திருங்கள். வெளியே கூடுதல் சூடு தேவைப்பட்டால் ஹீட் கன்னை ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருங்கள். பைப்பு ரப்பர் மாதிரித் துவண்டதும் வளைத்து, ஈரத் துணியால் ஆறவிடுங்கள். தோல் கையுறை கட்டாயம். திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வருமாறு நின்று செய்யுங்கள். எங்காவது பழுப்பு நிறம் கண்டால் அந்தத் துண்டை வெட்டி எறியுங்கள், அதில் உயிர் இல்லை. இப்படி வளைத்ததையும் அழுத்தம் குறைந்த வாய்க்கால் முனையில் மட்டும் போடுங்கள்.

சொல்யூஷன் போட்ட ஜாயின்ட் கழன்று வருகிறது. எங்கே தப்பு?

சொல்யூஷன் பசை அல்ல. டெட்ராஹைட்ரோஃபியூரான், மீத்தைல் எத்தைல் கீட்டோன், சைக்ளோஹெக்சனோன் போன்ற கரைப்பான்களில் பி.வி.சி.யையே கரைத்து வைத்தது. அது இரண்டு மேற்பரப்பையும் இளக்கும். இளகிய இரண்டும் ஒன்றோடொன்று கலந்து, கரைப்பான் ஆவியானதும் ஒரே துண்டாகிவிடும். ஆகவே, மேற்பரப்பு இளகியிருக்கும்போதே இரண்டும் சேர வேண்டும். தவறுகள் எல்லாம் இந்த இடத்தில்தான்.

ஆக்சா பிளேடால் வெட்டும்போது நேராக வெட்டுங்கள். பைப்பைச் சுற்றிக் காகிதம் ஒன்றைச் சுற்றி, அதன் விளிம்பில் கோடு போட்டுக்கொண்டால் கோணாது. உள்ளும் புறமும் பிசிறை அரத்தால் எடுத்து, வெளி விளிம்பைச் சற்றே சாய்த்துத் தேயுங்கள். சாய்க்காவிட்டால் அந்தக் கூர் விளிம்பு சாக்கெட்டில் பூசிய சொல்யூஷனை வழித்துக்கொண்டு போய் உள்ளே குவித்துவிடும். குவிந்தது பைப்பின் உட்சுவரைத் தின்னும். மாதங்கள் கழித்து அந்த இடம் வெடிக்கும்போது பழி பைப்புக் கம்பெனிமேல்.

அடுத்து உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, சுத்தமான துணியால் துடையுங்கள். ஈரமோ தேரி மண் தூசியோ இருந்தால் பிடிக்காது. சொல்யூஷன் இல்லாமல் நுழைத்துப் பாருங்கள். சாக்கெட்டின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை போய் இறுக வேண்டும். லொடலொட என்று அடிவரை போனால் அந்த ஜோடி வேண்டாம். சாக்கெட் ஆழத்தைப் பைப்பில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், 63 மி.மீ. பைப்புக்கு ஏறக்குறைய 38 மி.மீ.

பைப்பில் தாராளமாக, சாக்கெட்டில் மெல்லியதாகப் பூசி, உடனே நுழைத்து, கால் சுற்று சுற்றிக் குறிவரை தள்ளி, 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். இந்த 30 நொடிதான் பலருக்குப் பொறுமை இல்லாத இடம். சாக்கெட் உள்ளே குறுகலாக இருப்பதால், கையை எடுத்ததும் இளகிய பைப்பு மெல்லப் பின்னால் நழுவும். வெளியே பிதுங்கியதைத் துணியால் துடைத்துவிடுங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி வளையம் பிதுங்கியிருந்தால் வேலை சரி, ஓரிடத்தில் விட்டிருந்தால் அங்கே பூச்சு விட்டிருக்கிறது.

32 மி.மீ. வரை 2 நிமிடம், 63-க்கு 5 நிமிடம், 75-க்கு மேல் அரை மணி நேரம் ஆட்டாமல் விடுங்கள். மோட்டாரைப் போட மறுநாள்வரை பொறுங்கள். த்ரீ பேஸ் கரண்டு வந்துவிட்டதே என்று ஒரு மணி நேரத்தில் போட்டுவிட்டுத்தான் எல்லோரும் வருந்துகிறார்கள்.

உச்சி வெயிலில் ஒட்டாதீர்கள். தூரிகையை எடுத்து நுழைப்பதற்குள் மேலே ஆடை கட்டிவிடும், உள்ளே ஒட்டியது போலத் தெரியும், அவ்வளவுதான். காலை ஒன்பது மணிக்குள் முடியுங்கள், அல்லது பைப்பு முனையில் ஈரச் சாக்கைப் போட்டுக் குளிரவைத்து, நன்றாகத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். டப்பாவில் தேன் பதம் போய்க் கூழாகிவிட்ட சொல்யூஷனை எறிந்துவிடுங்கள். பெட்ரோலோ தின்னரோ ஊற்றி இளக்கினால் ஒட்டும் குணம் திரும்ப வராது. வெந்நீருக்கான சி.பி.வி.சி. பைப்புக்கு அதற்கென்றே சொல்யூஷன் தனி.

அந்தச் சொல்யூஷன் வாடை கெடுதலா?

கெடுதல்தான். தலை சுற்றும், கண் எரியும், குமட்டும். அதைவிட ஆபத்து தீ. டெட்ராஹைட்ரோஃபியூரானின் ஆவி மைனஸ் 14 டிகிரியிலேயே பற்றக்கூடியது; நம் ஊரில் எந்த நேரமும் அது பற்றத் தயார். ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் தாழ்ந்த இடத்தில் போய்த் தேங்கும். தரைத்தொட்டி, உறைகிணறு, மூடிய பள்ளம் இவற்றுக்குள் இறங்கி ஒட்டுவது மிக மோசமான யோசனை. முடிந்தவரை மேலேயே ஒட்டிக் காயவிட்டு இறக்குங்கள். இறங்கியே ஆக வேண்டுமானால் முதலில் காற்றோட்டம் கொடுத்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஓர் ஆள் கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும். கீழே இருப்பவர் மயங்கினால் மேலே நிற்பவரும் குதிக்கக் கூடாது, கயிற்றால் இழுக்க வேண்டும். பீடி, வெல்டிங், சுவிட்ச் பொறி எதுவும் பக்கத்தில் ஆகாது.

கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் இமையைத் திறந்து கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கையில் பட்டால் சோப்பு, பெட்ரோல் வேண்டாம். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

வால்வை மூடினால் பைப்பு வெடிக்கிறது. கரண்டு போனால் சப்பையாகிறது. என்ன இது?

இரண்டும் ஓடுகிற தண்ணீரைச் சடாரென நிறுத்துவதால். 63 மி.மீ. பைப்பில் நிமிடத்துக்கு 240 லிட்டர் ஓடினால் வேகம் நொடிக்கு ஒன்றரை மீட்டர். நீண்ட லைனில் அதைச் சட்டென நிறுத்தினால் ஏற்கெனவே உள்ள அழுத்தத்துக்கு மேல் 4 முதல் 6 கிலோ ஒரு கணம் அடிக்கும். 4 கேஜி பைப்பு என்ன செய்யும்? கால் திருப்பில் மூடும் பால் வால்வை நிதானமாக மூடுங்கள், அல்லது பல சுற்றுச் சுற்றும் கேட் வால்வு போடுங்கள்.

சப்பையாவது எதிர்ப் பக்கக் கதை. மோட்டார் நின்றதும் மேட்டிலிருக்கும் தண்ணீர் இறக்கத்தில் ஓடிவிட, பின்னால் வெற்றிடம் உண்டாகி வெளிக்காற்று பைப்பை நசுக்கும். மெல்லிய 2.5, 4 கேஜி பைப்புகளுக்குத்தான் இது நேரும். லைனின் மிக உயர்ந்த இடத்தில் காற்றை உள்ளே விடும் ஏர் வால்வு ஒன்றும், மோட்டாருக்கு அடுத்து தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் நான் ரிட்டர்ன் வால்வு ஒன்றும் போடுங்கள். களக்காட்டு மலையடிவாரம் போல ஏறி இறங்கும் நிலத்தில் ஒவ்வொரு மேட்டிலும் ஓர் ஏர் வால்வு வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: கசிவு பார்க்கக் கம்ப்ரசர் காற்றை அடிக்காதீர்கள். தண்ணீர் நிறைந்த பைப்பு வெடித்தால் நனைவீர்கள். காற்று நிறைந்த பி.வி.சி. வெடித்தால் சில்லுகள் கத்தியாகப் பறக்கும்.

எவ்வளவு ஆழம் புதைக்க வேண்டும்?

உழவு போகும் வயலில் பைப்பின் முதுகுக்கு மேல் 60 சென்டிமீட்டர், டிராக்டரோ லாரியோ கடக்கும் பாதையில் 90. அடியில் 10 சென்டிமீட்டர் மணல். ராதாபுரம் பக்கத்துச் சரளிலும் தலையூத்துப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லிலும் மணல் இல்லாமல் புதைத்தால், ஏதோ ஒரு கல் முனை ஒரே புள்ளியில் அழுத்தி அங்கேயே விரிசல் விடும். மானூர்க் கரிசலில் மண் கோடையில் பிளந்து மழையில் உப்பும். அங்கே பக்கவாட்டிலும் மணல் நிரப்புங்கள்.

ஐப்பசி மழைக்கு முன் பள்ளம் தோண்டிப் பைப்பைப் போட்டுவிட்டு மூடாமல் விடாதீர்கள். பி.வி.சி. மூழ்கும் சரக்குதான், ஆனால் இரு முனையும் அடைத்த காலிப் பைப்பு படகு மாதிரி. 110 மி.மீ. பைப்பு மீட்டருக்கு ஒன்பதரை லிட்டர் தண்ணீரைத் தள்ளும். அதன் சொந்த எடை இரண்டு கிலோகூட இல்லை. மீட்டருக்கு ஏழு, எட்டுக் கிலோ மேலே தூக்கும். பள்ளம் நிறைந்தால் லைன் மொத்தமும் வளைந்து மேலே வந்து நிற்கும். ஜாயின்ட்டுகளை மட்டும் மண் மூடாமல் விட்டு, நடுப்பகுதியில் மண்ணைத் தள்ளி, உள்ளே தண்ணீரை நிரப்பி வையுங்கள்.

இதில் வரும் தண்ணீரைக் குடிக்கலாமா?

ஐ.எஸ். 4985 தரத்துப் பைப்பானால் குடிக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி ஈயம். சிதைவைத் தடுக்க முன்பு ஈய உப்புகளைத்தான் தாராளமாகச் சேர்த்தார்கள். 2021-இல் ஒன்றிய அரசு இதற்கென்று தனி விதிகளையே கொண்டுவந்து, பைப்பிலும் ஃபிட்டிங்கிலும் ஈய ஸ்டெபிலைசரை ஒழிக்க வழி செய்தது. இப்போது கால்சியம்-துத்தநாகம் போன்றவை அதன் இடத்தில் வந்திருக்கின்றன. வாங்கும்போது ஈயமில்லாதது என்ற அச்சைப் பாருங்கள். பழைய லைனிலும், புதிதாகப் போட்ட லைனிலும், இரவெல்லாம் தேங்கிய முதல் தண்ணீரைச் செடிக்கு விட்டுவிட்டுக் குடத்தை வையுங்கள். எலக்ட்ரிக் பைப்பையும் மழைநீர் வடிகால் பைப்பையும் விலை மலிவென்று குடிநீருக்குப் போடாதீர்கள், அவை அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

பி.வி.சி.யின் மூலப்பொருளான வினைல் குளோரைடு வாயு புற்றுநோய் தரும் என்று படித்தவர்கள் கேட்பதுண்டு. அந்த வாயுவைப் பற்றிய செய்தி உண்மை. 1974-இல் அமெரிக்காவின் லூயிவில் நகரத்து ஆலைத் தொழிலாளர்களிடம் அரிதான ஈரல் புற்றுநோய் கண்டபோதுதான் உலகம் விழித்தது. அது மூலப்பொருளைக் கையாண்டவர்களுக்கு நேர்ந்தது. உணவையும் குடிநீரையும் தொடும் பி.வி.சி.யில் மிச்சமிருக்கும் வினைல் குளோரைடு பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு.

ஃப்ளெக்ஸில் வத்தல் காயப்போடலாமா? ஓஸில் எண்ணெய் இறக்கலாமா?

வேண்டாம், இரண்டும் வேண்டாம். ஃப்ளெக்ஸ் என்பது பாலியஸ்டர் வலைமேல் பூசிய இளகிய பி.வி.சி. மேலே அச்சு மையும் உண்டு. இளக்கச் சேர்த்த பிளாஸ்டிசைசர் வெயில் சூட்டில் வெளியே கசியும், எண்ணெய்ப் பசை கண்டால் இன்னும் வேகமாக. செக்கிலிருந்து டின்னுக்கு நல்லெண்ணெய் இறக்கும் பி.வி.சி. ஓஸ் சில மாதத்தில் விறைத்துப்போவதைப் பார்த்திருக்கலாம். அதை மென்மையாக வைத்திருந்த பொருள் எங்கே போனது? எண்ணெய்க்குள்தான். வத்தலுக்கு வேட்டித் துணி, ஓலைப்பாய், கோரைப்பாய் இருக்கவே இருக்கின்றன. ஃப்ளெக்ஸ் வைக்கோல் போரை மூட நல்லது.

அங்கணத்தில் கொதிக்கும் கஞ்சி வடிக்கலாமா?

மெல்லிய பைப்பானால் நாளடைவில் தொய்யும், தொய்ந்த இடத்தில் சோறும் பிசுக்கும் தேங்கும். கழிவுக்கான தடித்த வகையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு மீட்டருக்குள் ஒரு கிளாம்ப் அடியுங்கள். கஞ்சியோடு ஒரு செம்பு பச்சைத் தண்ணீரையும் சேர்த்து ஊற்றுங்கள். ஹீட்டரிலிருந்து வரும் லைனுக்கு சி.பி.வி.சி.தான், அது 82 டிகிரிவரை தாங்கும்.

வயரை தெர்மாகோல் தொட்டால் என்ன?

வயர் உறையிலுள்ள பிளாஸ்டிசைசர் தெர்மாகோலுக்குள் போகும். தெர்மாகோல் உருகிக் குழியும், வயர் உறை விறைத்து வெடிக்கும். மாடிச் சூட்டுக்குத் தெர்மாகோல் ஒட்டுகிறவர்கள் வயரைப் பைப்புக்குள் விட்டுவிட்டு ஒட்டுங்கள். சாதாரண பி.வி.சி. வயரின் உறை 70 டிகிரிக்கு உரியது. மெல்லிய வயரில் பெரிய மோட்டாரை ஓட்டினால் அந்த எல்லை தாண்டும்.

பழைய வயரையும் பைப்பையும் எரித்தால் என்ன ஆகும்?

ஒரு கிலோ சுத்தமான பி.வி.சி. எரிந்தால் அரை கிலோவுக்கு மேல் ஹைட்ரஜன் குளோரைடு வரும். கண், மூக்கு, நுரையீரலின் ஈரத்தில் கரைந்ததும் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், கழிப்பறை கழுவுகிற அதே ஆசிட். இந்த வாயு பத்து லட்சத்தில் 50 பங்கு இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. பத்துக்குப் பத்து அடி அறை, பத்தடி உயரம். அதை அந்த அளவுக்கு நிரப்ப ஏறத்தாழ 4 கிராம் பி.வி.சி. முழுதாகக் கருகினால் போதும், அதாவது விரல் நீளத்துக்கு வெட்டிய சிறு பட்டை.

செம்புக்காக வயர் எரிப்பது இன்னும் மோசம். குளோரின், கரி, அரைகுறைத் தீ, கூடவே செம்பு: டையாக்சின் என்ற கொடிய நச்சு உருவாக வேண்டிய எல்லாமே அங்கே சேர்கின்றன. டையாக்சின் காற்றில் கரைந்து மறைவதில்லை. சாம்பலோடு மண்ணில் தங்கி, புல்லில் ஏறி, ஆடு மாட்டின் கொழுப்பிலும் பாலிலும் சேரும். குளத்தங்கரையில் எரித்தவர் வீட்டுக்குப் போய்விடுவார், சாம்பல் மேய்ச்சல் தரையிலேயே கிடக்கும். செம்பு வேண்டுமானால் கத்தியால் உறையைக் கீறி உரியுங்கள். நிறைய இருந்தால் வயர் உரிக்கும் கைமெஷின் கிடைக்கிறது. உரித்த செம்பு கருகாமல் பளபளவென இருப்பதால் கடையில் விலையும் கூடும். போகிக் குப்பையிலும் வாழைத்தோட்டத்துச் சருகுத் தீயிலும் பைப்பு, ஃப்ளெக்ஸ், ரெக்சின் துண்டுகள் சேராமல் பாருங்கள். குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதே சட்டப்படி குற்றம்.

புகையை இழுத்துவிட்டால்?

உடனே காற்று வரும் பக்கமாக விலகுங்கள். கண்ணைத் தண்ணீரில் கழுவுங்கள், புகை படிந்த துணியைக் கழற்றுங்கள், வாயைக் கொப்பளியுங்கள். இருமல், இளைப்பு, நெஞ்சு இறுக்கம் இருந்தால் உட்காரவைத்தே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், படுக்க வைக்காதீர்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி இருக்கிறது, தூரமானால் பக்கத்து அரசு மருத்துவமனை. என்ன எரிந்தது என்பதைச் சொல்லுங்கள். இப்போது சரியாகிவிட்டது என்று இரவு தனியாகப் படுத்துவிடாதீர்கள். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள் கழித்தும் வரலாம்.

வீட்டில் வயர் தீப்பற்றினால் முதலில் மெயினை அணையுங்கள், அதற்குப் பிறகுதான் மணலோ தண்ணீரோ. தீ அடங்கியபின் சுவரிலும் இரும்பிலும் படிந்திருக்கும் கரி அமிலத்தன்மை உள்ளது. கையுறை போட்டு, சோடா உப்புக் கரைசலில் துடைக்காவிட்டால் சில நாளில் கதவுக் கீல்கள் துருவேறும்.

உடைந்த பைப்புகளை என்ன செய்வது?

மண் போகத் தட்டி, பித்தளை நிப்பிளையும் ரப்பர் வளையத்தையும் கழற்றி, பழைய சாமான் கடையில் தனியாகப் போடுங்கள். அடையாளம் முக்கோணத்துக்குள் 3 என்ற எண். தண்ணீர் பாட்டிலோடு ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். இரண்டும் தண்ணீரில் மூழ்குவதால் ஆலையில் பிரிப்பது சிரமம், கொஞ்சம் பி.வி.சி. கலந்தாலே பாட்டில் பிளாஸ்டிக் மொத்தமும் பழுப்பாகிக் கெடும். நல்ல முழ நீளத் துண்டுகளை விற்காதீர்கள்: வாழைக்கன்றுக்கு ஆழத்தில் தண்ணீர் விடவும், வேலிக்கல் நடும் குழிக்கு அச்சாகவும் அவற்றை யாராவது வந்து கேட்பார்கள்.